மின்கைக்கருவிக் காப்புரிமைகளில் தெளிவற்ற உரிமைக்கோரல்கள்: தலைமைக் கட்டுப்பாட்டாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: காப்புரிமை, வடிவமைப்பு, வணிகக்குறி ஆகியவற்றின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களும், கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை அலுவலகங்களில் இயந்திரப் பொறியியல் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஆய்வாளர்களும் கட்டுப்பாட்டாளர்களும்.

மதிப்பிற்குரியீர்,

கோயம்புத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் டிரில்லிங் மெஷின், ஆங்கிள் கிரைண்டர், ஹேமர் டிரில் போன்ற மின்கைக்கருவிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளுக்காகக் காப்புரிமை ஆவணங்களை வாசித்துக் கருத்துச் சொல்வது என் வேலை. பட்டறைக்காரர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தப் பாகத்தை நாங்கள் செய்து விற்கலாமா, கூடாதா?" இதற்கு விடை, கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு தரப்படும் விவரக்குறிப்பின் கடைசிப் பக்கங்களில், உரிமைக்கோரல் என்ற பகுதியில் இருக்க வேண்டும். மின்கைக்கருவி விண்ணப்பங்கள் பலவற்றில் அந்தப் பகுதியை எத்தனை முறை வாசித்தாலும் விடை கிடைப்பதில்லை என்பதையும், இக்குறையைக் குறைந்த செலவில் திருத்தக்கூடிய இடம் தங்கள் அலுவலகத்தின் ஆய்வு மேசை ஒன்றே என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன்.

சட்டத்தில் குறை ஏதும் இல்லை. காப்புரிமைச் சட்டம், 1970இன் 10(4)(இ) பிரிவு, பாதுகாப்புக் கேட்கப்படும் கண்டுபிடிப்பின் எல்லையை வரையறுக்கும் உரிமைக்கோரலோடு விவரக்குறிப்பு முடிய வேண்டும் என்கிறது. 10(5) பிரிவு, அந்த உரிமைக்கோரல் தெளிவாகவும் சுருக்கமாகவும், விவரக்குறிப்பில் வெளிப்படுத்தப்பட்டதை நியாயமான அடிப்படையாகக் கொண்டும் இருக்க வேண்டும் என்கிறது. நான் கேட்பது இந்த இரண்டு பிரிவுகளையும் சொல்லுக்குச் சொல் நடைமுறைப்படுத்துவதைத்தான்.

எந்த நிறுவனத்தின் விண்ணப்பத்தையும் சுட்டாமல், அடிக்கடி கண்ணில் படும் சொல்லமைப்புகளைச் சேர்த்து ஒரு மாதிரி உரிமைக்கோரலை இங்கே எழுதிக்காட்டுகிறேன். "ஓர் உறை; உறைக்குள் ஒரு மோட்டார்; மோட்டாரால் சுழற்றப்படும் ஒரு ஸ்பிண்டில்; கருவியின் நடத்தையில் இயல்புக்கு மாறான மாற்றம் ஏற்படும்போது, முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்ட அளவைப் பொறுத்து, ஸ்பிண்டிலுக்குச் செல்லும் விசையைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்ட ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு; பயனரின் கைக்கு வரும் அதிர்வைப் போதுமான அளவு குறைக்கும்படி மேற்சொன்ன கைப்பிடியில் பொருத்தப்பட்ட ஒரு தணிப்பு உறுப்பு ஆகியவற்றைக் கொண்ட மின்கைக்கருவி."

மேலோட்டமாகப் பார்த்தால் குறை தெரியாது. "இயல்புக்கு மாறான மாற்றம்" என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டைத் துளைக்கும்போது பிட் உள்ளே இருக்கும் கம்பியில் சிக்கிக்கொண்டால், பிட்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் நின்றுவிடும். மோட்டார் தொடர்ந்து முறுக்குவதால் கருவியின் உடல் எதிர்த்திசையில் திரும்பி, பிடித்திருப்பவரின் மணிக்கட்டையும் சேர்த்துத் திருப்பும். தொழிலில் இதைக் கிக்பேக் என்கிறோம். இதைத் தடுக்கப் பல வழிகள் உண்டு. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் திடீரென ஏறுவதை ஒரு சுற்று கவனித்து மின்சாரத்தைத் துண்டிக்கலாம். கருவியின் உடல் ஸ்பிண்டிலின் அச்சைச் சுற்றி என்ன வேகத்தில் திரும்புகிறது என்பதை ஒரு கைரோ சென்சார் அளந்து, வேகம் எல்லை மீறியதும் மோட்டாரை நிறுத்தலாம். சென்சாரும் சுற்றும் எதுவுமின்றி, ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட கிளட்ச் ஒன்று குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு மேல் வழுக்கிவிடும்படியும் செய்யலாம். இந்தக் கடைசி வழி ஹேமர் டிரில்களில் நெடுங்காலமாக இருந்துவருவது. கோவையின் எந்த ரிப்பேர் கடையிலும் பழைய கருவி ஒன்றைப் பிரித்தால் அதைக் காணலாம்.

அந்த மாதிரி விண்ணப்பத்தின் விவரக்குறிப்பு, கைரோ சென்சார் ஒன்றை மட்டுமே படமும் குறியெண்ணும் தந்து விளக்குகிறது என்று வையுங்கள். உரிமைக்கோரலோ சென்சாரின் பெயரையே சொல்லவில்லை. எதன் மாற்றம், எந்த அச்சைச் சுற்றி, எவ்வளவு நேரத்துக்குள், எதோடு ஒப்பிட்டு என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. அப்படியானால் மின்னோட்டத்தை அளந்து நிறுத்தும் சுற்றைச் செய்பவர் எல்லைக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? வழுக்கும் கிளட்சும் ஒரு "கட்டுப்பாட்டு அமைப்பு" என்று நாளை ஒரு வழக்கறிஞர் வாதிட்டால் என்ன பதில் சொல்வது? உள்ளே இருக்கிறது என்றால் உரிமைக்கோரலில் புதுமை இல்லை, வெளியே என்றால் எந்தச் சொல் அதை வெளியே தள்ளுகிறது என்று காட்ட முடிவதில்லை. செய்யும் வேலையை மட்டும் சொல்லி, வேலையைச் செய்யும் உறுப்பைச் சொல்லாமல் விடும் உரிமைக்கோரல், ஒரு தீர்வுக்கு உரிமை கேட்பதாகத் தொடங்கி, அந்தப் பிரச்சினைக்கான எல்லாத் தீர்வுகளுக்கும் உரிமை கேட்பதாக முடிகிறது.

அடுத்து, "போதுமான அளவு" குறையும் அதிர்வு. அதிர்வு மனம்போனபடி மதிப்பிட வேண்டிய ஒன்றன்று. மின்கைக்கருவிகளின் பாதுகாப்புக்காகச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) வகுத்த ஐஇசி 62841 தரநிலை வரிசையிலும், அதற்கு முந்தைய ஐஇசி 60745 வரிசையிலும், அதை மூன்று அச்சுகளிலும் அளந்து மொத்த மதிப்பை மீட்டர்/வினாடி² என்ற அலகில் கூறும் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு உத்தரவு, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிடப்பட்ட கை அதிர்வு 2.5ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. அளவுகோல் கையில் இருக்கும்போது எந்த முறையில், கருவியை எந்த வேலையில் ஈடுபடுத்தி, எதனோடு ஒப்பிட்டு அதிர்வு குறைகிறது என்று எழுதும்படி விண்ணப்பதாரரிடம் கேட்பதில் கடுமை ஏதுமில்லை. கான்கிரீட்டைத் துளைக்கும்போது உணரும் அதிர்வும் உளி போட்டு உடைக்கும்போது உணரும் அதிர்வும் ஒரே கருவியிலும் வேறுவேறாக இருக்கும் என்பது இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். அந்த வேறுபாட்டைத் தொடாமல் "போதுமான அளவு" என்று எழுதுவதை அறியாமையால் நேர்ந்ததாக என்னால் கருத முடியவில்லை.

மூன்றாவது குறை சின்னது போலத் தோன்றும். "மேற்சொன்ன கைப்பிடி" என்கிறது மாதிரி உரிமைக்கோரல். அதற்கு மேலே கைப்பிடி எதுவும் சொல்லப்படவில்லை. ஹேமர் டிரிலில் ஸ்விட்ச் பொருந்திய பின்கைப்பிடி ஒன்றும், கழுத்தில் திருகிக் கழற்றக்கூடிய பக்கவாட்டுக் கைப்பிடி ஒன்றும் உண்டு. ரப்பர் புஷ் வைத்த பக்கவாட்டுக் கைப்பிடியை மட்டுமே தயாரித்து விற்கும் ஒரு பட்டறைக்கு அந்த ஒரு சொல்லின்மேல்தான் முழுப் பிழைப்பும் தொங்குகிறது. கைப்பிடிக்கு எதிரே படத்தின் குறியெண்ணை இட்டிருந்தாலே இந்த ஐயம் எழுந்திருக்காது. ஜப்பானிய மொழியிலோ ஜெர்மனிலோ சீனத்திலோ எழுதப்பட்டு, மொழிபெயர்ப்பாக இங்கே வந்துசேரும் விண்ணப்பங்களில் இவ்வகைப் பிழை மிகுதி. மூலத்தில் சரியாக இருந்தது வழியில் கலைந்திருக்கலாம். ஆனால் இந்தியாவில் உரிமையாக நிற்கப்போவது இங்கே பதிவாகும் வாசகம்தான்.

அளவு குறிக்காத சொல் ஒவ்வொன்றையும் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிள் கிரைண்டரில் ஸ்பிண்டில் மோட்டார் அச்சுக்கு "ஏறத்தாழச் செங்குத்தாக" இருக்கிறது என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை. சுழற்சியின் திசையைத் திருப்பும் பெவல் கியர் ஜோடி ஒன்று அங்கே இருப்பதும், எந்த வார்ப்பும் 90 பாகையில் இம்மி பிசகாமல் அமையாது என்பதும் துறையறிந்த வாசகருக்குத் தெரியும். இங்கிலாந்தின் கேட்னிக் வழக்கில் கதவு, சன்னல்களுக்கு மேல் வைக்கும் எஃகு உத்திரத்தின் பின்தகடு "செங்குத்தாக" நீள்வதாக உரிமைக்கோரல் சொன்னது. எதிர்த்தரப்பின் தகடு 6 முதல் 8 பாகை வரை சாய்ந்திருந்தது. சுமை தாங்கும் வேலைக்கு அந்தச் சாய்வால் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு வராது என்பதால், அதுவும் எல்லைக்குள் அடங்கும் என்று அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1980இல் தீர்ப்பளித்தது. அங்கே சொல்லின் நோக்கம் விவரக்குறிப்பிலிருந்தே தெரிந்தது, ஆகவே நெகிழ்வுக்கும் எல்லை இருந்தது. நான் எதிர்ப்பது, நோக்கத்தையும் அளவையும் எங்கிருந்தும் பெற வழியில்லாத சொற்களை.

இதையெல்லாம் எதிர்ப்பு மனுவில் சொல்லலாமே என்று கேட்கப்படலாம். சொல்ல முடியாது என்பதுதான் இம்மடலுக்கே காரணம். 25ஆம் பிரிவு, காப்புரிமை வழங்குவதற்கு முன்னும் பின்னும் எதிர்ப்பதற்கான காரணங்களைப் பட்டியலிட்டு, வேறு எந்தக் காரணமும் ஏற்கப்படாது என்று கதவை அடைக்கிறது. கண்டுபிடிப்பு போதிய அளவு விவரிக்கப்படவில்லை என்பது அப்பட்டியலில் இருக்கிறது. உரிமைக்கோரலின் எல்லை தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்பது இல்லை. அது இருக்கும் இடம் 64(1) பிரிவு, அதாவது காப்புரிமையை நீக்கக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போதோ, மீறல் வழக்கில் எதிர்வாதமாகவோதான் அந்த வாதத்தை எழுப்ப முடியும். ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். உரிமைக்கோரல் தெளிவாக இருக்க வேண்டும் என்ற, ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 84ஆம் உறுப்பை எதிர்ப்புக் கட்டத்தில் எழுப்ப முடியாது என்றும், அக்கட்டத்தில் செய்யப்படும் திருத்தமே புதிதாகத் தெளிவின்மையைக் கொண்டுவந்தால் மட்டும் எழுப்பலாம் என்றும் அங்குள்ள விரிவாக்க மேல்முறையீட்டு வாரியம் 2015இல் கூறியது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ நாட்டிலஸ் வழக்கில் 2014இல், துறையறிந்தவருக்குக் கண்டுபிடிப்பின் எல்லையை நியாயமான உறுதியோடு தெரிவிக்காத உரிமைக்கோரல் செல்லாது என்று அளவுகோலை இறுக்கியது. எந்த நாட்டை எடுத்தாலும், நீதிமன்றத்துக்குப் போகுமுன் தெளிவுக்காக நிற்கக்கூடிய முதல் ஆள் ஆய்வாளர்தான்.

நீதிமன்றம் வரை போவது என்றால் என்ன என்பதை நாம் அருகிலிருந்தே பார்த்திருக்கிறோம். பஜாஜ் ஆட்டோவுக்கும் டிவிஎஸ் மோட்டாருக்கும் இடையே இரட்டை ஸ்பார்க் பிளக் இயந்திரத்தைப் பற்றி 2007இல் எழுந்த வழக்கில், பஜாஜின் உரிமைக்கோரல் சிலிண்டரின் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை என்று எண்ணோடு சொன்னது. சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்றும் சொன்னது. டிவிஎஸ்ஸின் வண்டியில் மூன்று வால்வுகள் இருந்தன. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார். 2009இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு, 2019இல்தான் இரு தரப்பின் உடன்பாட்டோடு ஓய்ந்தது. எண்ணும் எண்ணிக்கையும் தெளிவாக எழுதப்பட்ட உரிமைக்கோரலுக்கே, பெரும் பொருள்வலிமை கொண்ட இரண்டு நிறுவனங்களுக்கு 12 ஆண்டுகள் பிடித்தன. "இயல்புக்கு மாறான மாற்றம்" என்ற வாசகத்தை எதிர்த்து நான்கு லேத் வைத்திருக்கும் பட்டறை எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும்?

உண்மையில் அந்தப் பட்டறை நீதிமன்றத்துக்கே போகாது. விண்ணப்பம் வெளியிடப்பட்ட நாள் முதலே விண்ணப்பதாரருக்குக் காப்புரிமை பெற்றவருக்கு இணையான உரிமைகளை 11அ பிரிவு தருகிறது. வழக்குத் தொடுக்க மட்டும் அவர் காப்புரிமை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே விரிந்தும் மங்கியும் கிடக்கும் ஓர் உரிமைக்கோரல் பரிசீலனையில் இருக்கும் ஆண்டுகளிலேயே, பட்டறைக்காரர் பாகத்தை வார்க்கும் அச்சைச் செய்ய முன்பணம் கொடுப்பதை நிறுத்துகிறார். வாங்குபவரின் கொள்முதல் பிரிவு "காப்புரிமைச் சிக்கல் இல்லை என்று எழுதிக்கொடுங்கள்" என்கிறது. என்னால் எழுதிக்கொடுக்க முடிவதில்லை. கூடாது என்று யாரும் தீர்ப்பளிக்காமலே அந்தப் பாகம் செய்யப்படாமல் போகிறது.

தங்கள் அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கைகளில் தெளிவும் சுருக்கமும் என்ற தலைப்பு ஏற்கெனவே இருப்பதை அறிவேன். இணையத்தில் எவரும் அவற்றை வாசிக்க முடிவது பெரிய நன்மை. ஆனால் அத்தலைப்பின்கீழ் "1 முதல் 10 வரையிலான உரிமைக்கோரல்கள் தெளிவாக இல்லை" என்ற அளவில் ஒற்றை வரி மட்டும் நின்றுவிடும்போது, "துறையறிந்தவருக்கு இது புரியும்" என்ற அதே அளவு பொதுவான பதில் வருகிறது, ஆட்சேபம் கைவிடப்படுகிறது, ஏன் கைவிடப்பட்டது என்ற பதிவும் இருப்பதில்லை. எந்த உரிமைக்கோரலில் எந்தச் சொல், அதை எத்தனை விதமாகப் பொருள்கொள்ள முடிகிறது, விவரக்குறிப்பின் எந்தப் பத்தியிலும் அதற்கு அளவு இல்லை என்பவற்றை ஆய்வறிக்கை குறிப்பிட வேண்டும். விசாரணைக்குப் பின் ஆட்சேபம் விலக்கப்பட்டால், அச்சொல்லுக்கு விண்ணப்பதாரர் தந்த பொருளும் கட்டுப்பாட்டாளர் அதை ஏற்ற காரணமும் ஆணையில் இடம்பெற வேண்டும். பின்னாளில் உரிமையாளர் அந்தப் பொருளை மாற்றிச் சொன்னால், அதைத் தடுக்க அந்த ஒரு பத்தியே போதும். மருந்துக்கும் உயிரித் தொழில்நுட்பத்துக்கும் கணினி சார்ந்த கண்டுபிடிப்புகளுக்கும் ஆய்வு வழிகாட்டிகளைத் தங்கள் அலுவலகம் வெளியிட்டிருக்கிறது. அதே முறையில், மோட்டாரும் கியரும் மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்த கருவிகளுக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும். அதிர்வு, முறுக்குவிசை, வெப்பம், இரைச்சல் ஆகியவற்றை விளைவாக மட்டும் சொல்லும் உரிமைக்கோரல்கள், அளவிடும் முறையையோ அந்த விளைவைத் தரும் உறுப்பையோ பெயரிட வேண்டும் என்று அது கூறட்டும்.

இது கண்டுபிடிப்பாளருக்கு எதிரான வேண்டுகோள் அன்று. எங்கள் ஊர்ப் பட்டறைகளிலிருந்தும் விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றிலும் இதே மங்கலான சொற்கள் இருக்கின்றன, சில வேளை பெரிய நிறுவனங்களின் ஆவணங்களைப் பார்த்து எழுதியதால் கூடுதலாகவே இருக்கின்றன. ஆய்வில் திருத்தப்படாமல் தப்பிய உரிமைக்கோரலோடு அவர்கள் வழக்குக்குப் போனால், எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது 64ஆம் பிரிவைத்தான். அப்போது திருத்தலாம் என்றால், 59ஆம் பிரிவு புதிதாக எதையும் சேர்க்க விடாது. விவரக்குறிப்பில் முதலிலேயே எழுதாத அளவை எந்த வழக்கறிஞராலும் பின்னாளில் நுழைக்க முடியாது. அவர்களுக்கும் ஆய்வாளரின் கறாரான கேள்வி தக்க நேரத்தில் கிடைத்தாக வேண்டும்.

வழிகாட்டியின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் வழக்கம் தங்களிடம் உண்டு. அவ்வாறு கேட்கப்படும்போது, எந்தெந்தச் சொற்கள் எந்தெந்தப் பாகங்களில் இரண்டு பொருள் தந்து தடுமாற வைக்கின்றன என்பதை, வெளியான விண்ணப்பங்களின் பத்தி எண்களோடு தொகுத்துத் தர நானும் இத்தொழிலில் உள்ள பலரும் அணியமாக இருக்கிறோம். வரைவுக்கு ஒரு காலக்கெடுவை அறிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மின்கைக்கருவி உதிரிபாகத் தொழிலுக்காகக் காப்புரிமை ஆவணங்களை வாசிக்கும் ஒரு பொறியாளர்,
கோயம்புத்தூர்