தீபாவளிக்கு மறுநாள் கடலுக்குப் போகாதே

அன்புள்ள கேப்டன்,

பதில் போடாமல் இழுத்தடிக்கிறேன் என்று நீ கோபமாக இருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். நியாயமான கோபம்தான். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, தேக்கா மார்க்கெட்டுக்குத் தானே நடந்து போய் வருகிறார். மீசைக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பெயர் வைக்கும் பொறுப்பு வழக்கம்போல் பெரியவரிடம் போயிருக்கிறது, என்ன பெயர் வரும் என்று உனக்கே தெரியும்.

நலம் விசாரித்தாயிற்று. இனி சண்டை. தீபாவளி ஞாயிறு, திங்களும் விடுப்பு, அன்றைக்கே சிங்கப்பூரின் தென் தீவுகள் பக்கம் மீன்பிடிக்கப் படகு பேசிவிட்டாயாம். காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை, பிள்ளைகள் நாலு பேரோடு. படகு லைசென்ஸ் எடுத்து மை காயவில்லை, யாரைக் கேட்டுடா நாள் குறித்தாய்? சமையலறையில் தினத்தாள் நாட்காட்டி தொங்குகிறதே, ராகுகாலம் பார்க்கும் கண்ணுக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கும் திதி தெரியவில்லையா?

தீபாவளி வருவதே அமாவாசையை ஒட்டி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் ஏற்றமும் வற்றமும் உச்சத்துக்குப் போகும். அந்த நாட்களில் நம் கடலில் ஏறி முடிந்த மேல்நீருக்கும் வற்றி முடிந்த கீழ்நீருக்கும் இரண்டரை மீட்டர் வித்தியாசம் சாதாரணம். அட்டமி, நவமி பக்கம் அது ஒரு மீட்டர் அளவுக்கு அடங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்குள் இரண்டரை மடங்கு தண்ணீர் அதே தீவு இடுக்குகள் வழியே போக வேண்டுமென்றால் எவ்வளவு வேகமாக ஓடும் என்று நீயே கணக்குப் போடு.

இந்த ஊர் விடுப்பு நாட்களைக் கவனி. சீனப் புத்தாண்டு அமாவாசை, விசாக தினம் பௌர்ணமி, நோன்புப் பெருநாள் பிறை தெரிந்த மறுநாள். 1968 வரை விடுப்பாக இருந்த தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டித்தான். ஊரே படகு தேடும் நாட்களில்தான் நீர் மூர்க்கமாக ஓடுகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் மட்டும் பத்தாம் பிறையில் வருவதால் நீர் ஓரளவு அடங்கியிருக்கும். அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஈயத்தைக் கடல் தரையில் விட்டு அடித்தூண்டில் போடுகிறவனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

நீ குறித்த நேரத்தையும் பார்ப்போம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே மேல்நீர் நண்பகலை ஒட்டி வரும். ஆண்டின் கடைசி மாதங்களில் மிகத் தாழ்ந்த கீழ்நீர் மாலையில் வரும். அதாவது மதியம் முழுக்க நீர் வடிந்துகொண்டே இருக்கும், நீ திரும்பும் நேரத்தில் பவளத்திட்டுகள் வெளியே தலைகாட்டும். காலையில் மூன்று மீட்டர் தண்ணீரோடு கடந்த திட்டின் மேல் மாலை இருட்டுகிற வேளையில் அரை மீட்டர்கூட இருக்காது. புரொப்பெல்லர் அங்கேதான் உடையும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வேறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் இத்தனையும் ஒன்றாகச் சேர விடுவாயா?

அடுத்தது நீ செல்பேசியில் எனக்கு அனுப்பிய ஓத அட்டவணை, அதாவது ஏற்ற வற்ற நேரப் பட்டியல். மேல்நீர் நேரத்துக்கு வட்டம் போட்டு, 'அப்போது நீர் நிற்கும், மீன் கடிக்கும்' என்று எழுதியிருக்கிறாய். வடகிழக்கே சாங்கி, உபின் தீவு பக்கம் என்றால் பெரும்பாலும் சரி. ஜொகூர் நீரிணையை, மலேசியாவுக்குப் போகும் காஸ்வே சாலை 1924இலிருந்து குறுக்கே அடைத்து நிற்கிறது. நீர் உள்ளே வந்து, முட்டி, திரும்பிப் போகிறது. அதனால் மேல்நீர், கீழ்நீர் நேரத்தை ஒட்டியே ஓட்டம் நிற்கும். அங்கே பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு உதவும். மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்றால் முதல் மணியில் 20 சென்டிமீட்டர், இரண்டாவதில் 40, மூன்றிலும் நான்கிலும் 60 60, பிறகு 40, கடைசியில் 20. நடு இரண்டு மணி நேரத்தில் ஓட்டம் கடுமை, முதல் மணியும் கடைசி மணியும் தூண்டிலுக்கு.

சிங்கப்பூர் நீரிணையில் இந்தக் கணக்கு செல்லாது. அது இரண்டு பக்கமும் திறந்த வாய்க்கால். ஒரு பக்கம் மலாக்கா நீரிணை, மறுபக்கம் தென்சீனக் கடல், இரண்டின் ஓதமும் ஒரே தாளத்தில் வருவதில்லை. நீர்மட்டம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஓட்டமோ பல நாட்களில் ஒரு பக்கம் நெடுநேரம் வலுவாகவும் மறுபக்கம் கொஞ்ச நேரம் தளர்ந்தும் ஓடும். மேல்நீர் உச்சியில் இருக்கும்போதே ஆறு மாதிரி ஓடும் இடங்கள் உண்டு. ஆகவே உயரம் காட்டும் அட்டவணையை மட்டும் நம்பாதே, நீரோட்டக் கணிப்பையும் பார்த்து, ஓட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்போது பூச்சியத்துக்கு வருகிறது என்று குறித்துக்கொள். நிலா வானத்தில் வடக்கே அல்லது தெற்கே அதிகமாக விலகி நிற்கும் நாட்களில் அட்டமியிலும் ஒரு திசை ஓட்டம் பலமாக இருக்கும். திதி பார்த்தாலும் ஓட்டக் கணிப்பைப் பார்க்காமல் விடக் கூடாது என்பது அதனால்தான். வாடைக்காற்று மாதங்களில் மொத்த நீரும் மேற்கே நகர்வதால் மேற்கு ஓட்டம் நீளும், கிழக்கு ஓட்டம் குறையும். தென்மேற்குக் காற்று மாதங்களில் அதற்கு நேர்மாறு.

இந்த வேகம் தூண்டிலை என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ எல்லாவற்றுக்கும் பெரிய ஈயக் குண்டுதான் மருந்து என்று நினைக்கிறவன். ஓட்ட வேகம் இரட்டித்தால் தூண்டில் நரம்பின் மேல் இழுவை நான்கு மடங்காகும். 15, 20 மீட்டர் ஆழத்தில், அடங்கிய நீரில் 100, 150 கிராம் ஈயம் தரையில் நிற்கும். மணிக்கு மூன்று கடல் மைல் ஓடினால் அரை கிலோ போட்டாலும் தூக்கிவிடும். நரம்பு வில்லாக வளையும், ஈயம் தட்டுவதும் தெரியாது, மீன் கடிப்பதும் தெரியாது. முதலில் நரம்பை மெலிதாக்கு. முப்பது பவுண்டு நைலான் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். பின்னல் நரம்பான பிரெய்டில் பிஇ 2 என்ற அளவு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, ஏறக்குறைய அதே பலம், இழுவை பாதிக்கும் கீழே. ஈயத்தைக் கூட்டுவது அதற்கு அப்புறம்தான்.

ஓட்டம் இருக்கும்போது அப்போலோ கட்டு, கீழே ஈயம், முள் கட்டிய பக்கக் கிளை ஒரு சாண் போதும். நீளமாக விட்டால் பிரதான நரம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். நீர் தளர்ந்ததும் நரம்பில் நழுவி ஓடும் ஈயத்துக்கு மாறி, ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் லீடர் நரம்பு விடு, உயிர் இறால் அப்போதுதான் இயல்பாக நீந்தும். களவாயும் சிவப்பு மீனும் நீர் நிற்பதற்கு முன் அரை மணியும், திரும்பிய பின் அரை மணியும்தான் மும்முரமாகக் கடிக்கும். ஓட்டத்தில் அவை பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும். பாரை மீன், சீலா, வஞ்சிரம் இவற்றுக்கு ஓடும் நீர் வேண்டும். இவற்றைத் தேடுகிறாய் என்றால் நங்கூரத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் படகை ஓட்டத்தோடு மிதக்க விடு. மிதக்கும் படகில் காற்று அடிக்கும் பக்கத்திலிருந்து நரம்பை இறக்கு. எதிர்ப்பக்கம் இறக்கினால் படகே நரம்பின் மேல் ஏறும்.

நங்கூரம் போட்டு ஆறு பேர் தூண்டில் போட்டால் சிக்கல் நிச்சயம் வரும். அதைக் குறைக்க ஒரே வழி, முன்பக்கம் உட்காருகிறவருக்குக் கனத்த ஈயம், பின்பக்கம் போகப் போக இலேசு. பின்னால் இருப்பவருடையது தூரம் தள்ளிப் போய்விடும், முன்னால் இருப்பவருடையது காலடியில் நிற்கும். மீசையை முன்னால் உட்கார வை, அவன் ஈயம் மாற்றச் சோம்பேறி.

கயிறு எவ்வளவு விடுவாய்? ஆழமானியில் தெரிவதை மட்டும் கணக்கில் எடுக்காதே. 15 மீட்டர் ஆழம், நீருக்கு மேல் படகு மூக்கு ஒரு மீட்டர், இன்னும் ஏறப்போகும் நீர் இரண்டு மீட்டர், ஆக 18. அதற்கு ஐந்து மடங்கு, 90 மீட்டர். அமைதியான நாளில் மூன்று மடங்கு பிடிக்கும். காற்று வந்தால் இழுபடும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே படகு நீளத்துக்குச் சங்கிலி இருக்கட்டும். பவளத்தின் மேல் போடாதே, ஓரத்து மணலில் போடு. கப்பல் பாதையை விட்டுத் தள்ளி நில். கரையில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு அடையாளம் வைத்துப் பார், அவை விலகினால் நங்கூரம் நகர்கிறது என்று பொருள். இது தலைபோகிற விஷயம் கேப்டன்: எந்தக் காரணத்துக்காகவும் பின்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டாதே. ஓட்டத்தில் பின்புறம் அமுங்கி நீர் உள்ளே ஏறினால் படகு நிமிடத்தில் போய்விடும்.

நீர் நிற்கும்போது படகு காற்றுக்குத் திரும்பிவிடும் என்பதையும் மறக்காதே. 90 மீட்டர் கயிற்றில் அது பாதி வட்டம் அடித்தால், நீ பார்த்து வைத்த பாறை நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். நல்ல கடி நேரம் வருகிற அதே சமயத்தில் நீ வெறும் மணல் மேல் உட்கார்ந்திருப்பாய். நீர் நிற்பதற்கு முன்பே காற்றுத் திசையைப் பார்த்துக் கயிற்றைச் சுருக்கி, இடத்தை மாற்று.

காற்று தனியாக வந்தால் பயமில்லை, ஓட்டத்துக்கு எதிராக வந்தால்தான். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றும் நீரும் ஒரே திசையில் போனால் அலை நீண்டு படுத்திருக்கும். நீர் திரும்பி எதிரே ஓடத் தொடங்கியதும் அதே காற்று அலையைக் குறுக்கிச் செங்குத்தாக்கும், அரை மணியில் கடலே வேறாகிவிடும். வடகிழக்குக் காற்றில் நீர் கிழக்கே ஓடும் நேரம் மோசம், தென்மேற்கில் நீர் மேற்கே ஓடும் நேரம் மோசம். கிளம்புவதற்கு முன்னாலேயே இதை அட்டவணையில் குறித்துவிட முடியும். ஆனால் யாரும் குறிப்பதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

சுமத்ரா காற்று தனிக்கதை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்போ காலையிலோ, மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம். புறப்படும் முன் வானிலை ஆய்வகத்தின் மழை ராடாரைப் பார், மேற்கே வடக்கு தெற்காக நீண்ட பட்டை தெரிந்தால் படகைக் கட்டியே வை. கடலில் இருக்கும்போது மேற்கே கரும் மேகம் சுருண்டு, திடீரென்று குளிர்காற்று வீசினால் மீனைப் பார்க்காதே. தூண்டில்களைச் சுருட்டிக் கீழே படுக்க வை, கார்பன் கம்பு இடியை இழுக்கும். எல்லாருக்கும் மிதவைச் சட்டை, படகு மூக்கு காற்றுக்கு நேராக. பிள்ளைகளுக்கு ஏறும்போதே மாட்டிவிடு.

திரும்பும் நேரத்துக்கும் கணக்கு வேண்டும். மணிக்கு எட்டுக் கடல் மைல் ஓடும் படகு மூன்று மைல் ஓட்டத்தை எதிர்த்தால் ஐந்துதான் நகரும். ஆறு கடல் மைல் தூரத்துக்கு 72 நிமிடம். ஓட்டத்தோடு வந்தால் 33 நிமிடம். டீசலும் அதற்கேற்ப. போகும்போது ஓட்டத்தோடு சுலபமாகப் போகிறவன்தான் வரும்போது மாட்டிக்கொள்வான்.

ஆகவே திங்கட்கிழமையை ரத்து செய். படகுக்காரரிடம் முன்பணத்தை வேறு நாளுக்கு மாற்றக் கேள். தீபாவளிக்குப் பிறகு மூன்று வாரம் கழித்து, பள்ளி விடுமுறையில், தேய்பிறை அட்டமி வருகிறது. அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ பார். வடகிழக்குக் காற்று தொடங்கியிருக்கும்தான், ஆனால் வடக்கே முழுத் தீவும் மறைப்பதால் தென் தீவுகளின் உட்பக்கம் சாங்கிக் கிழக்கைவிட அடங்கியிருக்கும். தொடர்மழை, பலத்த காற்று என்று முன்னறிவிப்பு வந்தால் அன்றும் வேண்டாம்.

இந்த வாரமே இரண்டு நாளை எழுதி அனுப்பு, ஓட்டக் கணிப்பைப் பார்த்து எந்த மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நான் சொல்கிறேன். 100, 150, 250 கிராம் ஈயம் என்னிடம் இருக்கிறது, வாங்காதே. சின்னவளுக்குப் பொருந்தும் மிதவைச் சட்டை படகில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவை. பெரியவர்கள் சட்டையைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று அவர் சொன்னால் வேறு படகு பார்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் கூட்டாளி