கடவுளுக்கே வெளிச்சமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் நாளிதழை வாங்கிப் படிக்கிறவள் நான். கடந்த ஞாயிறு இதழில், சூரியனைச் சுற்றிவரும் பெரிய கல்லான அபோஃபிஸ் குறுங்கோளைப் பற்றி வந்த கட்டுரையின் கடைசி வரி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "2029 சித்திரை முதல் நாளில் இந்த எமன் பூமியில் மோதுமா, மோதாதா என்பது கடவுளுக்கே வெளிச்சம்" என்று முடித்திருந்தீர்கள்.

நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் இந்தக் கணக்கு மனிதர்களுக்கே வெளிச்சமாகி ஆண்டுகள் பல ஆயிற்று. 2029-இல் மோதாது என்பது 2004 டிசம்பரிலேயே முடிந்துபோன செய்தி. 2036, 2068 என்று மிச்சமிருந்த ஐயங்களும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. 2021 மார்ச்சில் ரேடாரால் அளந்த பிறகு, இன்னும் நூறு ஆண்டுகளுக்காவது ஆபத்தில்லை என்று நாசா அறிவித்துவிட்டது. உங்கள் அலுவலகத்துக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் அந்த வரி எப்படி அச்சேறியது?

திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கி வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், சித்திரை ஒன்றாம் தேதி கல் விழப்போகிறதாமே? 2029 வரைக்கும் ஓடும் சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். கட்டலாமா, நிறுத்திவிடலாமா?" டீக்கடையில் யாரோ உங்கள் கட்டுரையை வாய்விட்டுப் படித்திருக்கிறார்கள். சுனாமியில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர் அவர். தராசைப் பிடித்திருந்த கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அச்சத்தின் விலை எனக்குத் தெரியும், ஐயா. 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்குப் பதினொரு வயது. சாகத்தானே போகிறோம் என்று எங்கள் அப்பாயி முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகள் ஐந்தையும் அடித்துக் குழம்பு வைத்தார். அப்பா கறவைப் பசுவைப் பாதி விலைக்குத் தரகரிடம் தள்ளிவிட்டார். ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்கிலும் சிதறி விழுந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஓராண்டு பாலில்லை.

2004-ஐ நான் சொல்ல வேண்டியதில்லை. சுனாமி அடித்த நான்காம் நாள், மறுபடியும் அலை வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் பள்ளி வராந்தாவில் தங்கியிருந்த அத்தனை பேரும் மேற்கே ஓடினார்கள். அலை வரவில்லை. திரும்பி வரும்போது பாலத்தின் மேல் ஒற்றைச் செருப்புகளாகக் கிடந்தன.

அதே வாரத்தில்தான் அபோஃபிஸும் உலகை அச்சுறுத்தியது என்பதைப் பின்னால்தான் படித்தேன். அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் ஆய்வகத்திலிருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். டிசம்பர் 27 அன்று, அது 2029-இல் மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காடு என்று கணக்கு காட்டியது. மோதல் ஆபத்தைக் குறிக்கும், பூஜ்யம் முதல் பத்து வரையுள்ள டொரினோ அளவுகோலில் நான்கு. அதுவரையும் அதன்பிறகும் வேறெந்தக் குறுங்கோளும் நான்கைத் தொட்டதில்லை. பிறகு, அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அதே கல் மங்கலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்துப் பாதையைத் துல்லியமாகக் கணக்கிட்டதும் அன்றைக்கே 2029 ஆபத்து நீங்கியது.

வாய்ப்பு ஏறிக்கொண்டே போய் ஏன் திடீரென்று இறங்குகிறது என்பதை ஒரு பத்தியில் நீங்கள் விளக்கியிருக்கலாம். இரவில் கடலில் ஒரு படகின் விளக்கு தெரிந்தால், நம் குப்பத்திலிருந்து மூன்றாவது குப்பம் வரை எங்கே வேண்டுமானாலும் கரையேறலாம் என்போம். நெருங்க நெருங்க அந்த நீளம் குறையும். நம் குப்பம் அதற்குள் இருக்கும்வரை இங்கேதான் வரும் போலிருக்கிறது என்ற எண்ணம் கூடிக்கொண்டே போகும். இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் படகு அடுத்த குப்பத்துக்குத் திரும்புவது தெரிந்துவிடும். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே பாடவேளையில் புரிந்துகொண்டார்கள்.

2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற குறுங்கோளுக்கும் இதுவே நடந்தது. வாய்ப்பு 3.1 விழுக்காடு என்றபோது முதல் பக்கத்தில் போட்டீர்கள். அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனபோது நான்கு வரிகூட வரவில்லை. அப்போதும் உங்களுக்கு எழுதினேன். புதன்கிழமை அறிவியல் பகுதியை நிறுத்தி அந்த இடத்தில் வாஸ்து தொடரைத் தொடங்கியபோதும் எழுதினேன். இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

இந்த முறை கட்டத்துக்குள் போட்ட விவரமும் தவறு. அபோஃபிஸின் அகலம் 340 மீட்டர் அளவுக்குத்தான். நீங்கள் 340 கிலோமீட்டர் என்று அச்சிட்டு, அதைச் சென்னைக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட நீளத்துக்கு வளர்த்துவிட்டீர்கள். தலைப்பில் குறுங்கோள், உள்ளே விண்கல், படத்துக்குக் கீழே வால்நட்சத்திரம். மூன்றும் ஒன்றா, ஐயா?

என் வருத்தமெல்லாம், உண்மையில் நடக்கப்போவது இதைவிட எவ்வளவு பெரிய செய்தி என்பதுதான். 2029 ஏப்ரல் 14 அதிகாலை, நம் நேரப்படி சுமார் 3.16 மணிக்கு, அந்தக் கல் பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும். நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே புகுந்து போகப்போகிறது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் தொலைநோக்கி இல்லாமல், நகரும் விண்மீன் போலப் பார்க்கலாம். இத்தனை பெரிய கல் இத்தனை அருகில் வருவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். இப்போது 324 நாளில் சூரியனைச் சுற்றிவரும் அதன் பாதையைப் பூமியின் ஈர்ப்பு அன்று ஒரே இழுப்பில் அகலமாக்கிவிடும். அதன்பின் ஒரு சுற்றுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். ஒரே அச்சில் ஒழுங்காகச் சுழலாமல் புரண்டு புரண்டு போகும் கல் அது. வெயிலில் சூடான பக்கம் வெப்பத்தை வெளியே விடும்போது ஏற்படும் மிகச் சிறிய உந்தலால் அதன் பாதை ஆண்டுக்குச் சுமார் 200 மீட்டர் சுருங்குகிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்த 200 மீட்டரையும் அளந்து கணக்கில் சேர்த்த பிறகுதான் 2068 ஐயம் தீர்ந்தது. அப்படி உழைத்தவர்களின் முடிவைக் கடவுளுக்கே வெளிச்சம் என்று ஒதுக்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கேட்பது சிறியதுதான். வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். மோதாது என்ற சொல் முதல் வரியில் இருக்கட்டும். திங்கட்கிழமை மீன்கார அம்மா வருவார். சீட்டுப் பணம் கட்டக் கடைசி நாள் புதன். உங்கள் பத்திரிகையில் வந்ததை உங்கள் பத்திரிகையே மாற்றிச் சொன்னால்தான் அவர் நம்புவார். அந்தப் பகுதியை வெட்டி அவர் கையில் கொடுக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
நாகப்பட்டினம் மாவட்டம்