உப்புக்கு விலாசம் உண்டு

அன்புள்ள நாச்சிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடியும் பீச்சுக்கு நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். தென்னையில்தான் வெள்ளை ஈ விழுந்து ஓலையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. பெரியவன் பொள்ளாச்சிக்கு மாற்றலாகிப் போய்விட்டான். அங்கேயும் இதே கதைதானாம்.

பேத்தி கேட்டதை எழுதியிருந்தாயே: ஆலைப் புகை, ஓசோன் ஓட்டை, பூமி சூடாவது மூன்றும் ஒன்றுதானா என்று. நீ "ஆமாம் கண்ணு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாயாம். பாங்குக்காரன் வேறென்ன சொல்வாய்! ஒன்றில்லை அப்பா. மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராகக் காலம் தள்ளியவன் நான், எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பருத்தித் துணியைத் தண்ணீரில் போட்டால் நூலின் மேல் எதிர்மின் (நெகட்டிவ் சார்ஜ்) ஏறியிருக்கும். நாங்கள் போடுகிற ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர்மின்தான். அதனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால்தான் அந்தத் தள்ளல் அடங்கிச் சாயம் நூலில் இறங்கும், அப்புறம் சோடா போட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கறுப்பு, நேவி புளூ என்று அடர்ந்த நிறமானால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு போகும். அந்த உப்பு துணியோடு போவதில்லை. வேலை முடிந்ததும் அத்தனையும் கழிவுத் தண்ணீரில்தான்.

ஊர் பயந்ததெல்லாம் நிறத்தைப் பார்த்து. நம் ஊர் நொய்யல் ஆறு சிவப்பும் நீலமுமாக ஓடியதை நீயும் பாலத்தில் நின்று பார்த்தவன்தானே. நிறத்தை எடுப்பது பெரிய வித்தை இல்லை. சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டால் அடியில் படிந்துவிடும். ஆரம்பத்தில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதைத்தான் செய்தன. தண்ணீர் தெளிந்தது, உப்பு அப்படியே போனது. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, சுற்றுப்பட்டுக் கிணறுகளிலெல்லாம் இறங்கியது. கடைசியில் அணையில் தண்ணீரே தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்டார்கள். தண்ணீர் வேண்டாம் என்று மல்லுக்கட்டிய பாசனக்காரரை வேறெங்காவது கண்டிருக்கிறாயா?

என் மைத்துனன் தோட்டம் அந்தப் பக்கம்தான். கோடையில் வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மேல்மண் குழைந்துபோகும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. களிமண்ணில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு சோடியம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வதால் வருகிற வினை இது. மண் துகள் பிரிந்து துவாரத்தை அடைக்கும், தண்ணீர் கீழே போகாது. ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் விட்டு அலசினால் மண் திரும்பும். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மஞ்சளும் வாழையும் வைத்தவன் தென்னையோடு நிறுத்திக்கொண்டான்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் இருந்த பட்டறையும் பூட்டியது. சொட்டுக் கழிவும் வெளியே போகாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றானது. சவ்வு வடிகட்டியில் அழுத்தித் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சுகிற உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, உப்பை எடுத்து மறுபடி சாயத்துக்கே போடுகிறார்கள். ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

இவ்வளவும் நடந்ததே உப்புக்கு ஒரு விலாசம் இருந்ததால்தான். கீழே இருக்கிறவன் ஆற்றோரமாக மேலே நடந்தால் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று கையைக் காட்டிவிடலாம். கை காட்ட முடிந்தால் வழக்கும் போடலாம்.

ஓசோன் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற அந்தப் படலத்தை அரித்தது ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த சிஎஃப்சி வாயு. செய்தவை ஒருசில பெரிய கம்பெனிகள், மாற்று வாயுவும் கிடைத்தது. 1987-இல் மாண்ட்ரீலில் கையெழுத்துப் போட்டார்கள், ஓட்டை மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது. ஆனால் மாற்றாக வந்த வாயுக்களில் பல பூமியைச் சூடாக்குகிறவை. அதைக் குறைக்க 2016-இல் கிகாலியில் இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று.

ஆலைப் புகை நெஞ்சுக்குக் கெடுதி. ஆனால் அது சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். அதிலுள்ள கந்தகத் துகள் வெயிலைத் திருப்பிவிட்டுக் கொஞ்சம் குளிர்ச்சிகூடத் தரும். 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்து அப்படிப்பட்ட துகளை மேலே வெகு உயரத்துக்குத் தள்ளியபோது, அடுத்த வருஷம் உலகமே அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது.

கரியமில வாயுவுக்கு நிறம் இல்லை, நாற்றம் இல்லை, மழையில் கழுவியும் போகாது. பூமியிலிருந்து வெளியே போக வேண்டிய வெப்பத்தைப் பிடித்து நிறுத்தும். விட்டதில் ஒரு பங்கு பல நூறு வருஷம் மேலேயே நிற்கும். 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. உன் ஸ்கூட்டர் விட்டதும் என் பாய்லர் விட்டதும் அமெரிக்காக்காரன் விட்டதும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஆகாயம் பொறம்போக்கு மாதிரி. எல்லாரும் கொட்டுகிறோம், பட்டா யார் பேரிலும் இல்லை. மைத்துனனாவது அணையில் தேக்காதே என்று போராடினான். கடல் ஏறி வருகிற ஊர்க்காரன் எந்தக் குழாயைக் காட்டுவான்?

இன்னொன்று என்னை உறுத்துகிறது. நொய்யலைக் காப்பாற்ற உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோமே, அந்த நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும், பம்புகளுக்கு மின்சாரமும் வேண்டும். ஆற்றுக்குப் போகாதது கொஞ்சம் ஆகாயத்துக்குப் போகிறது. தாராபுரம், உடுமலைப் பக்கம் திருப்பூர்க்காரர்கள் பலர் காற்றாலை வைத்திருப்பதால் மின்சாரக் கணக்கு ஓரளவு நேராகிறது. நீராவிக் கணக்குக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. இருந்தாலும் பழையபடி ஆற்றில் விடலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

சென்னை மழையைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஒரு மழையைக் காட்டி பூமி சூடானதால்தான் என்று சொல்ல முடியாது. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும், அதனால் கொட்டும்போது பலமாகக் கொட்டும். இந்த ஒன்றை மட்டும் பேத்திக்கு எழுதிக் கொடு, போதும்.

லீவில் அவளை அனுப்பிவை. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் என்னிடம் இருக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நல்லது, 2000-ஐத் தாண்டினால் ஆகாது. மைத்துனன் கிணற்றில் என்ன காட்டுகிறது என்று அவளே முக்கிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். நீயும் கூட வந்தால் சரி. ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பொங்கல் நெருங்கினால் கிடைக்காது.

அன்புடன்,
சின்னச்சாமி