துரை அவர்களே, காலையில் ஒரு மணி நேரம் தாருங்கள்

மதிப்புக்குரிய பெரிய துரை அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். பிந்தி வந்த அம்மாவைப் பார்த்து கங்காணி ஐயா, "கையக் காட்டு" என்றார். அம்மா காட்டினார். காயமில்லை, கோணலில்லை. "நல்லாத்தானே இருக்கு, நடிக்காத" என்றார். சிலர் சிரித்தார்கள். நீங்கள் வருகைப் பதிவான செக்ரோலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதே கையை விடிகாலை 5 மணிக்கு நான் பார்க்கிறேன். தீக்குச்சியைப் பிடிக்க வராது, தம்பிதான் அடுப்பு மூட்டுகிறான். சுடுதண்ணீரில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பார். மடங்காது. தலை பின்னிவிடுவது நான். இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி முடிச்சுப் போடுவதும் நான்தான். ஒரு மணி நேரம் இப்படி, மழைக் குளிரென்றால் அதற்கும் மேல். அப்புறம் விரல் இளகும். இளகிவிட்டால் மற்றவர்களைப் போலவே கொழுந்து எடுப்பார். கங்காணி ஐயா பார்ப்பது இளகிய கையை மட்டும்.

இது முடக்குவாதம். வயதாகி மூட்டுத் தேய்வது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதுதான் இந்த நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. விரல் கோணிப்போகும் முன்பே மருந்தைத் தொடங்க வேண்டும் என்று கண்டி கிளினிக்கில் சொன்னார்கள். டாக்டர்கள் கோணாமல் காப்பாற்றப் பார்க்கிறார்கள். தோட்டமோ கோணினால்தான் நம்புமாம்.

அதற்குத் தரும் மெதொட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். அம்மா சனிக்கிழமை ராத்திரியைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் முழுக்கக் குமட்டல். இருக்கிற ஒரே ஓய்வு நாளும் அதிலேயே போகிறது. திங்கட்கிழமைப் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடக்கூடாதே!

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கேட்கிறோம். டாக்டரின் கடிதத்தை ஏற்று, பிந்தி வந்தாலும் பேர் போடுங்கள். 18 கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர் என்பதை அம்மா அறிவார், அதை மாற்றச் சொல்லவில்லை.

தேயிலை இலையில் சின்னதாய் ஒரு கொப்புளம் தெரிந்தால் மருந்தடிக்க அன்றைக்கே ஆள் போகிறது. செடியிடம் யாரும் "நடிக்காதே" என்பதில்லை. 2023இல், எங்கள் மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டு என்பதற்காக, 'மலையகம் 200' என்று மேடைக்கு மேடை எங்கள் பெண்களின் கைகளைப் புகழ்ந்தார்கள். அந்தக் கைகளில் ஒன்று மடங்கவில்லை என்றால் மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு அக்கா வலிப்பு மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். தெரிந்தால் மலைக்குக் கொழுந்தெடுக்க விடமாட்டார்களாம். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் நடிப்பு. நாங்கள் எதைத்தான் செய்வது?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். ஒரு மணி நேரம், துரை. அவ்வளவுதான். கிளினிக் நாளையும் வேலைக்கு வராத நாளாகக் கணக்கில் எழுதாமல் இருந்தால் பெரிய உதவி.

டாக்டரின் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை அம்மா 8 மணிக்குப் பிரட்டுக்கு வருவார். தயவுசெய்து பேர் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்துக் கொழுந்துக்காரி ஒருவரின் மகள்