எக்ஸ்ரே கற்பிக்க வருபவரிடம் எதைக் கேட்கிறீர்கள்?

ரேடியோகிராபர் பயிற்சிக்கு ஆசிரியர்களைத் தெரிவு செய்யும் பெரியவர்களுக்கு,

வணக்கம். வன்னியில் ஓர் எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவன் நான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் தலையில்தான் விழும். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அது வேறு கதை.

ஃபிலிம் இருந்த காலத்தில் பிழையை ஃபிலிமே காட்டிக் கொடுத்தது. கதிர் கூடினால் படம் கறுக்கும், குறைந்தால் வெளிறும். மாணவன் தானாகவே திருந்துவான். இப்போது டிஜிட்டல். தேவைக்கு இரண்டு மடங்கு கதிர் கொடுத்தாலும் கம்பியூட்டர் சரிக்கட்டி, படத்தை வடிவாகவே காட்டும். சொல்லப்போனால் கதிர் கூடினால் படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் பொட்டுகள் குறைந்து படம் இன்னும் தெளிவாக வரும். மாணவனுக்கு நல்ல புள்ளி, நோயாளிக்கு வீண் கதிர். எவ்வளவு கதிர் விழுந்தது என்று திரையின் ஓரத்தில் காட்டும் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து, "தம்பி, ஏன் இவ்வளவு கொடுத்தனீ?" என்று கேட்க ஓர் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அந்த ஆசிரியரை எப்படித் தெரிவு செய்கிறீர்கள்? பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேராதனையில் ரேடியோகிராபி பட்டம் படித்து வந்தவர்களிடம் பௌதிகத்தில் நானே நிறையக் கேட்டுத் தெரிந்திருக்கிறேன். ஆனால் மேற்பட்டம் மட்டும் ஒருவரை நல்ல ஆசிரியராக்கிவிடாது. அமெரிக்கப் பள்ளிகளில் எரிக் ஹனுஷெக் போன்ற பொருளியலாளர்கள் பார்த்ததும் இதுதான்: ஆசிரியரின் முதுகலைப் பட்டத்துக்கும் பிள்ளைகளின் புள்ளிகளுக்கும் பெரிய தொடர்பில்லை, முதல் சில வருட அனுபவம்தான் கூடுதலாக உதவுகிறது. அது பள்ளிக்கூடக் கணக்கு, எங்கள் துறைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். என்றாலும் யோசிக்க வைக்கிறது.

கட்டிலில் படுத்திருப்பவருக்கு முன்பக்கமிருந்து நெஞ்சுப்படம் எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாக விழும். புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். அடுத்த நாளே அப்படி எடுத்த படத்தைப் பார்த்து "இதயம் வீங்கியிருக்கு சேர்" என்பார்கள். எம்ஆர்ஐக்கு அனுப்பும்போதும் அப்படித்தான். பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று மனப்பாடமாகக் கேட்பார்கள். போரில் எறிகணைகள் விழுந்த எங்கள் ஊரில் முதலில் கேட்க வேண்டியது, "அம்மா, உடம்பில எங்கையும் ஷெல் துண்டு கிடக்கோ?" என்பதுதான். சிலர் கேட்டால்தான் சொல்வார்கள். கண்ணுக்குள் ஓர் இரும்புத் துணுக்கு இருந்தால் எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் அதை அசைத்துவிடும், பார்வையே போகலாம். இதை நோயாளியின் முன்னால் நின்றுதான் கற்பிக்க முடியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். நேர்முகத் தேர்வில் சான்றிதழ்களைப் புரட்டி முடித்த பிறகு, ஒரு பிழையான படத்தைக் கையில் கொடுங்கள். "மாணவன் எங்கே தவறினான்? அவனுக்கு எப்படிச் சொல்லுவீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம், கடைசியாக எப்போது தன் கையால் படம் எடுத்தார் என்றும் கேளுங்கள். வார்ட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கும் கற்பிக்கும் முறையில் ஒரு குறுகிய பயிற்சி தாருங்கள்.

பிழையான படங்கள் தேவையென்றால் சொல்லி அனுப்புங்கள். பெயர்களை அழித்துவிட்டு நானே தருகிறேன். அதில் சில நான் எடுத்தவை.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு ரேடியோகிராபர்