அந்த அரைப் புள்ளி

அன்புள்ள நண்பா,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் ஒரு ஜூனியர் செஸ் சாம்பியன்ஷிப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு ஆட்டம் டிரா ஆனது, ஆளுக்கு அரைப் புள்ளி. வெளியே வந்த ஒரு அப்பா, "இவ்வளவு நேரம் ஆடி வெறும் டிராதானா?" என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஆளுக்கு ஒரு யானை. வெள்ளையில் ஆடிய பெண்ணுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எதிரே இருந்த பொடியன் ராஜாவைச் சிப்பாயின் வழியிலேயே நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்துக்கொண்டு அசையவில்லை. வெள்ளை ராஜா முன்னே வரவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் அவள் சிப்பாயைத் தள்ளினாள். அதற்காகவே காத்திருந்தவன்போல, யானையைச் சட்டென்று மறுகோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக், செக், செக். சிப்பாய் முன்னேறியதால் ராஜா ஒதுங்க இடமில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு செஸ் ஆட்டக்காரர் ஃபிலிடோர் சொல்லிவைத்த தற்காப்புதான். படித்திருப்பது வேறு, நகர்த்தலுக்கு 30 வினாடி மட்டும் கூடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆடுவது வேறு.

ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் அல்லவா, அது மூன்றாம் முறை வரப்போனது. பையன் காயைத் தொடவில்லை. நகர்த்தலைத் தாளில் எழுதினான், கடிகாரத்தை நிறுத்தினான், நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். காயைத் தொட்டிருந்தால் அந்த நகர்த்தலில் டிரா கேட்க முடியாதே! பெரியவர்களே கோட்டைவிடும் இடம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்காகக் குகேஷும் அப்போதைய சாம்பியன் டிங் லிரனும் ஆடிய 14ஆவது ஆட்டம் நினைவிருக்கும். அதுவும் டிராவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். உலக சாம்பியனாலேயே காப்பாற்ற முடியாத டிராவும் உண்டு, அப்புறம் என்ன 'வெறும்'?

பத்துப் பன்னிரண்டு நகர்த்தலில் கைகுலுக்கிக்கொண்டு எழுந்து போகிறார்களே, அதைத் திட்டினால் நானும் சேர்ந்துகொள்வேன். அதைத் தடுக்கத்தான் சில போட்டிகளில் 30 நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்யக் கூடாது என்று விதி வைக்கிறார்கள். நம் ஆட்கள் விடுவார்களா? ஒரே நிலையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து அதையும் தாண்டிவிடுகிறார்கள்.

ஆட்டத்தின் குறிப்பைத் தனியாக அனுப்புகிறேன். வெள்ளையில் ஆடிய பெண் ராணிக்கு ராணி வெட்டி மாற்றிக்கொண்டதுதான் அவசரம் என்று எனக்குப் படுகிறது. நீ பலகையில் வைத்துப் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய எதிராளி