சல்பேட் யார் கையையும் பிடிக்கவில்லை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

இடப்பெயர்ச்சி வினையை, அதாவது ஒரு தனிமம் இன்னொன்றைச் சேர்மத்திலிருந்து துரத்தும் வினையை, "ஏ பிளஸ் பிசி, ஏசி பிளஸ் பி" என்று மனப்பாடம் செய்துவிட்டேன், எது எதைத் துரத்தும் என்றுதான் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தச் சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. ஏ வந்து பியைத் தள்ளிவிட்டு சியின் கையைப் பிடிக்கும் என்ற ஜோடி மாறும் கதையையும்தான். அந்த உவமை எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுப் பார்த்திருப்பாய். ஆணிமேல் செம்பழுப்பாகத் தாமிரம் படியும், நீலம் வெளுத்து இளம்பச்சையாகும். இதில் சல்பேட் யார் கையையும் பிடிக்கவில்லை. முன்பும் தனியாக நீந்திக்கொண்டிருந்தது, பின்பும் அப்படியே. கொடுக்கல் வாங்கல் மற்ற இருவருக்குள்தான். இரும்பு அணு 2 எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு அயனியாகி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாகி, கரைகிறது. தாமிர அயனி அவற்றை வாங்கிக்கொண்டு உலோகமாகிறது.

எலக்ட்ரான் கைமாறுவதை யார் பார்த்தது என்று கேட்பாய். இரும்புக்குப் பதில் துத்தநாகத்தை எடுத்து, துத்தநாக சல்பேட், காப்பர் சல்பேட் என்ற இரு கரைசல்களையும் நுண்துளைச் சுவரால் பிரித்து, அவற்றில் நிற்கும் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கம்பியால் இணைத்தால் அதே எலக்ட்ரான்கள் கம்பி வழியே போகும். 1836இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேனியல் உருவாக்கிய மின்கலம் இதுதான், சுமார் 1.1 வோல்ட் தரும்.

சரி, யார் கொடுப்பார்? அதற்குத்தான் வினைபடு வரிசை, எலக்ட்ரானை எளிதில் கொடுப்பது மேலே வரும் பட்டியல். மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், ஹைட்ரஜன், தாமிரம், வெள்ளி, தங்கம். மேலே இருப்பது கீழே இருப்பதன் அயனிக்கு எலக்ட்ரானைத் தள்ளிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகம் குமிழி விடுவதும் தாமிரம் சும்மா கிடப்பதும் அதனால்தான்.

வரிசையை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். அலுமினியத் தாளை காப்பர் சல்பேட்டில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை! காற்று பட்டதுமே அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. அது கரைசலை உலோகத்தோடு உரசவே விடாது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் குளோரைடு அயனிகள் படலத்தை அங்கங்கே உடைத்தன. அப்புறம் தாள் ஓட்டை ஓட்டையாகி, பாத்திரமே சூடாகிவிட்டது. ஆக, வரிசை சொல்வது நடக்க முடியுமா என்பதை. எவ்வளவு வேகமாக என்பதை அல்ல.

அலோகங்களிலும் இந்த வினை உண்டு, ஆனால் அங்கே பறிப்பவர்தான் பலசாலி. பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரினைச் செலுத்தினால், நிறமற்ற கரைசல் புரோமின் வெளிப்பட்டு ஆரஞ்சாகும். அயோடினை அதே கரைசலில் போட்டால்? நீயே யோசித்து எழுது.

அன்புடன்,
அக்கா